ஒரு நடை, பல தளங்கள்

நுழையும்முன்

அலுவலகத்தை நாடிச் சென்று பெற்ற செய்திகளை மக்கள் இன்று கைப்பேசித் திரையிலேயே பெறுகின்றனர். அத்திரையில் எழுத்து தெளிவாகத் தெரிவதும், பொத்தான் முறையாக இயங்குவதும் கண்ணுக்குப் புலப்படாத சில விதிகளைப் பொறுத்தவை. அவ்விதிகளைத் தளந்தோறும் தனித்தனியே எழுதுவதா? ஓரிடத்தில் எழுதிப் பல தளங்களுக்கும் பொதுவாக்குவதா? பொதுமையின் பயனையும், அப்பொதுமை சுமத்தும் பொறுப்பையும் விளக்குகிறது இப்பாடம்.

ஒரே சட்டகத்தில் இரு மாவட்டங்கள்

உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு, 1996 டிசம்பர் 17 அன்று, இணையப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் நடைத்தாளுக்கான முதல் பரிந்துரையை வெளியிட்டது. பதினைந்து நாள்கள் கழித்து, 1997 ஜனவரி 1 அன்று, சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இவ்விரு நிகழ்வுகளுக்கும் அன்று எத்தொடர்பும் இல்லை. இன்றோ, நாமக்கல் மாவட்ட இணையதளத்தைத் திறக்கும் ஒருவரின் கைப்பேசித் திரையில் இரண்டும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் தனித்தனி இணையதளங்கள் உள்ளன. சேலத்தின் தளம் ஏற்காட்டையும் மேட்டூர் அணையையும் பற்றிப் பேசும். நாமக்கல்லின் தளம் கொல்லிமலையையும் நாமக்கல் கோட்டையையும் பற்றிப் பேசும். பொருள் வேறு, படங்கள் வேறு, அறிவிப்புகள் வேறு. ஆயினும், மொழியை மாற்றும் வசதி, எழுத்தைப் பெரிதாக்கும் குறி, பட்டியல்கள் விரியும் முறை ஆகியவற்றில் இரண்டும் உடன்பிறந்தவைபோல் ஒத்திருக்கின்றன. இவ்வொற்றுமை தற்செயலானது அன்று. 1976-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தகவலியல் மையம், அரசு இணையதளங்களுக்கென எஸ்3வாஸ் என்னும் பொதுச் சட்டகத்தை உருவாக்கியுள்ளது. பாதுகாப்பு, விரிவாக்கத்திறம், எளிய அணுகல் ஆகிய மூன்றையும் அப்பெயர் குறிக்கிறது. மாவட்டத் தளங்கள் இச்சட்டகத்தின் மீது எழுப்பப்பட்டவை. உள்ளடக்கத்திற்கு உரிமையும் பொறுப்பும் மாவட்ட நிருவாகத்தைச் சார்ந்தவை. தளத்தை உருவாக்கி இயக்கும் பணி தகவலியல் மையத்தைச் சார்ந்தது.

பலருக்கு உரிய ஒன்றை ஓரிடத்தில் வைத்துப் பேணும் இம்முறையைப் புரிந்துகொள்ள, ஓர் இணையப் பக்கம் எவற்றால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பொருள், தோற்றம், செயல்

ஓர் இணையப் பக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது பொருள். தலைப்பு, பத்தி, படம், அட்டவணை முதலியன இதில் அடங்கும். எது தலைப்பு, எது பத்தி என்று உலாவிக்கு உணர்த்துவது எச்டிஎம்எல் என்னும் குறிமொழி. இரண்டாவது தோற்றம். எழுத்தின் அளவு, நிறம், வரிகளுக்கு இடையிலான வெளி, பெட்டிகளின் அகலம் போன்றவற்றை விதிகளாகத் தொகுத்து வைக்கும் கோப்பே நடைத்தாள். கணினித் துறையினர் இதனை ஸ்டைல்ஷீட் என்றும், இது எழுதப்படும் மொழியைச் சிஎஸ்எஸ் என்றும் வழங்குவர். மூன்றாவது செயல். பட்டியலைத் தொட்டதும் விரியச் செய்வதும், விண்ணப்பத்தில் கைப்பேசி எண் பத்து இலக்கத்திற்குக் குறைந்தால் எச்சரிப்பதும் குறுநிரலின் வேலை. பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் இதனை ஸ்கிரிப்ட் என்பர்.

வலையின் தொடக்க ஆண்டுகளில் பொருளும் தோற்றமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு பத்தியின் உள்ளேயும் எழுத்துருவின் பெயரும் நிறமும் எழுதப்பட்டன. இருநூறு பக்கங்கள் கொண்ட தளத்தில் தலைப்பின் நிறத்தை மாற்ற விரும்பினால் இருநூறு பக்கங்களையும் திருத்த வேண்டியிருந்தது. இவ்விடர்ப்பாட்டைக் களையும் நோக்குடன், நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று நடைத்தாள் குறித்த தம் முன்மொழிவை வெளியிட்டார். நெதர்லாந்து நாட்டவரான பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். அவர்கள் உழைப்பின் விளைவே 1996-ஆம் ஆண்டின் பரிந்துரை. இதனிடையே 1995-இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியிருந்தார். தோற்றமும் செயலும் பொருளிலிருந்து விடுபட்டுத் தனிக்கோப்புகளாக வாழும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

தறி உணர்த்தும் பாடம்

சேலம், நாமக்கல் பகுதியின் நெசவாளர்க்கு இப்பிரிவினை புதிதன்று. பட்டுத் தறியின் மேலே அமைந்த ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். எந்தப் பாவு நூல் உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அத்துளைகள் முடிவுசெய்யும். அட்டை என்பது உருவமைப்பு. நூல் என்பது பொருள். நூலின் நிறத்தை மாற்றினாலும் அட்டையில் உள்ள மயிலோ மாங்காயோ மாறுவதில்லை. அட்டைத் தொகுதியை மாற்றினால் அதே நூலில் வேறொரு கரை பிறக்கும்.

ஆயினும், தறிக்கும் இணையத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பத்துத் தறிகளில் ஒரே கரையை நெய்ய வேண்டுமாயின், அட்டைத் தொகுதிக்குப் பத்துப் படிகள் தேவை. மூல அட்டையில் ஒரு துளை பிழையாக விழுந்திருப்பின், பத்துத் தொகுதிகளிலும் அப்பிழையைத் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் ஒரு தறியில் பிழை தொடரும். ஒரு நடைத்தாளைப் படியெடுத்துத் தளந்தோறும் வைப்பதும் இத்தகையதே. தொடக்கத்தில் எல்லாப் படிகளும் ஒன்றாக இருக்கும். பின்னர் ஒரு தளத்தார் ஒரு விதியை மாற்றுவர். மற்றொரு தளத்தார் வேறொன்றைச் சேர்ப்பர். காலம் செல்லச் செல்ல, எப்படி சரியானது என்று எவரும் கூற இயலாத நிலை ஏற்படும். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 38. ஒவ்வொன்றுக்கும் தனிப்படி இருக்குமாயின், ஒரு சிறு திருத்தத்தையும் 38 முறை செய்து, 38 முறை சரிபார்க்க வேண்டும்.

> தெரியுமா?
> பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, துளை அட்டைகளால் இயங்கும் தறியமைப்பை 1804-இல் உருவாக்கினார். கட்டளைகளைத் துளைகளாகப் பதிந்துவைக்கும் இவ்வெண்ணம் பிற்காலக் கணிப்பொறிகளின் துளை அட்டைகளுக்கும் முன்னோடியாக அமைந்தது.

பொதுக்கோப்பு என்னும் வாய்க்கால்

படியெடுத்தலுக்கு மாற்று, பகிர்தல். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், பரமத்திவேலூர்ப் பகுதியின் வயல்களுக்கு நீர் வழங்குகிறது. வயலுக்கு ஓர் ஆற்றை யாரும் வெட்டுவதில்லை. தலைமடை ஒன்று, பிரியும் மதகுகள் பல. பல தளங்களுக்கும் ஒரே கோப்பிலிருந்து விதிகளை வழங்குவதும் இத்தகைய ஏற்பாடே. பக்கத்தின் தலைப்பகுதியில் நடைத்தாளின் முகவரி குறிக்கப்பட்டிருக்கும். உலாவி அம்முகவரிக்குச் சென்று விதிகளைப் பெற்றுப் பக்கத்தை அழகுபடுத்தும். நூறு தளங்களின் பக்கங்கள் ஒரே முகவரியைக் குறிக்குமாயின், அக்கோப்பில் செய்யும் ஒரு திருத்தம் நூறு தளங்களையும் சென்றடையும்.

இவ்வேற்பாட்டை எளிதாக்குவது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. செய்தியை எழுதுபவர் நிரல்மொழி அறிந்திருக்கத் தேவையில்லை. அவர் படிவம் போன்ற ஒரு பக்கத்தில் தலைப்பையும் செய்தியையும் உள்ளிடுவார். அமைப்பு அவற்றைத் தரவுத்தளத்தில் சேமித்து, தோற்ற வார்ப்புருவில் பொருத்திப் பக்கமாக வழங்கும். 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இவ்வகை அமைப்புகளுள் உலகில் மிகப் பரவலாக வழங்குவது. 2010 ஜூனில் வெளியான அதன் 3.0 பதிப்பு, ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வசதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தோற்ற வார்ப்புருக்களும் கூடுதல் செருகுநிரல்களும் ஒரே கோப்புறையில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக இருக்கும். ஒவ்வொரு தளத்தின் கட்டுரைகளுக்கும் அமைவுகளுக்கும் தனித்தனி அட்டவணைகள் தரவுத்தளத்தில் உண்டு. ஏற்றப்படும் படங்களும் தனித்தனி இடத்தில் சேரும். புதிய வார்ப்புருவை நிறுவும் அதிகாரம் முழு வலையமைப்பின் நிருவாகிக்கு மட்டுமே உரியது. தனித்தளத்தின் நிருவாகி, தமக்கு இசைவளிக்கப்பட்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

2001-இல் வெளிவந்த டிரூப்பல் என்னும் அமைப்பிலும் இத்தகைய வசதி உண்டு. அங்கும் நிரல்தொகுதி ஒன்றே. தளத்திற்குத் தளம் அமைவுக்கோப்பும் தரவுத்தளமும் வேறுபடும். அமைப்புகளின் பெயரும் நுட்பமும் வேறாயினும் அடிப்படை ஒன்றே: பொதுவானது ஒருமுறை எழுதப்படுகிறது, தனித்தன்மை உடையது தனியே வைக்கப்படுகிறது.

தாயும் சேயும்

எல்லாத் தளங்களும் எல்லா வகையிலும் ஒன்றாக இருத்தல் இயலாது, இருத்தலும் தேவையன்று. ஒரு கல்லூரியின் பல துறைத் தளங்கள் ஒரே வடிவமைப்பைக் கொண்டிருக்கலாம். ஆயினும் துறைக்கொரு நிறம் வேண்டப்படலாம். அந்த ஒரு நிறத்திற்காகப் பொதுக்கோப்பில் கைவைத்தால் ஏனைய துறைகளின் தளங்களும் மாறிவிடும். பொதுக்கோப்பைப் படியெடுத்துத் தனியே திருத்தினாலோ, முன்னர்க் கண்ட படிச்சிக்கல் மீண்டும் தலைதூக்கும்.

இதற்கான தீர்வு, நடைத்தாளின் பெயரிலேயே அடங்கியுள்ளது. சிஎஸ்எஸ் என்பதன் முதல் சொல் அருவிபோல் படிப்படியாக இறங்குதலைக் குறிக்கும். ஒரே கூறுக்கு இரு விதிகள் சம வலிமையுடன் இருக்குமாயின், பின்னர் வருவதே நிலைபெறும். ஆகவே, பொது நடைத்தாளை முதலில் அழைத்து, தளத்திற்குரிய சிறு நடைத்தாளை அதன்பின் அழைக்க வேண்டும். ஆயிரம் விதிகள் பொதுக்கோப்பில் இருக்கட்டும். மாறுபடும் நான்கைந்து விதிகள் மட்டும் தனிக்கோப்பில் இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் இம்முறையைத் தாய் வார்ப்புரு, சேய் வார்ப்புரு என்னும் உறவாக வகுத்துள்ளது. சேய் வார்ப்புருவில் வேறுபாடுகள் மட்டுமே இருக்கும். தாய் வார்ப்புரு புதுப்பிக்கப்பட்டாலும் அவ்வேறுபாடுகள் அழிவதில்லை. மாறாக, தாய் வார்ப்புருவிலேயே நேரடியாகத் திருத்தம் செய்தவர், அடுத்த புதுப்பித்தலில் தம் திருத்தங்கள் அனைத்தையும் இழப்பர்.

நடைத்தாளின் மாறிகளும் இவ்வகையில் உதவுகின்றன. முதன்மை நிறம் என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டு, தலைப்பு, பொத்தான், எல்லைக்கோடு ஆகிய எல்லா விதிகளிலும் அப்பெயரையே எழுதலாம். தனித்தளம் அம்மாறியின் மதிப்பை ஒருமுறை மாற்றினால் எல்லா இடங்களிலும் நிறம் மாறும். பொதுவாய்க்காலைச் சிதைக்காமல் தன் மதகை மட்டும் திருப்பிக்கொள்வது போன்றது இது.

குறுநிரல்களைப் பகிர்வதில் மேலும் கவனம் வேண்டும். நடைத்தாள்களில் ஒரு விதி மற்றொன்றை மேவினால் தோற்றம் மட்டுமே மாறும். பொதுக் குறுநிரலிலும் தனிக்குறுநிரலிலும் ஒரே பெயருடைய இரு செயற்கூறுகள் பொதுவெளியில் அமைந்தால், பின்வருவது முன்னதை மறைத்துவிடும். பக்கத்தின் ஒரு பகுதி இயங்காமல் நின்றுபோகும். எனவே பொதுக் குறுநிரல்களின் பெயர்களுக்கு முன் ஒரு குடும்பப்பெயரைச் சேர்ப்பது வழக்கம். ஒரு குறுநிரல் மற்றொன்றைச் சார்ந்திருப்பின், அச்சார்பை அமைப்பிடம் முன்னரே அறிவித்தல் வேண்டும். அமைப்பு அவற்றை உரிய வரிசையில் ஒருமுறை மட்டுமே அழைக்கும். ஒரு தளத்திற்கு மட்டும் தேவையான குறுநிரலை எல்லாத் தளங்கள் மீதும் ஏற்றுதலும் தவறு. கொல்லிமலையின் ஒரு சிற்றூரில் வலுக்குறைந்த அலைவரிசையில் பக்கத்தைத் திறப்பவருக்கு, தேவையற்ற ஒவ்வொரு கோப்பும் காத்திருப்பாகவே முடியும்.

தமிழுக்குரிய விதி

பொது நடைத்தாளின் பெரும்பயன் தமிழுக்குக் கிடைக்கக்கூடியது. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நடைத்தாளில் வரிகளுக்கு இடையிலான வெளி குறைவாகவே இருக்கும். தமிழில் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் எழுத்தின் மேற்புறம் எழுகின்றன. உகர, ஊகார வடிவங்கள் கீழ்ப்புறம் இறங்குகின்றன. வரிவெளி குறுகினால் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் நெருக்குண்டு, படிப்பவர் கண்ணுக்கு அயர்ச்சி தரும். மேலும், வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் ஒட்டி நீளும் தமிழ்ச்சொல், ஆங்கிலச் சொல்லுக்கென அளந்த பொத்தானுக்குள் அடங்காது வெளியே வழியும். ‘ஆட்சியரகத்திலிருந்து’ என்னும் ஒரு சொல்லே சிறு திரையின் பாதி அகலத்தை எடுத்துக்கொள்ளும்.

இவற்றைச் சரிசெய்யத் தேவைப்படுபவை சில விதிகளே. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்-இல் குறித்துவிட்டால், அம்மொழிக்கு மட்டும் பொருந்தும் விதிகளை நடைத்தாளில் எழுத இயலும். தமிழ்ப் பத்திகளுக்கு வரிவெளியைக் கூட்டலாம். நீண்ட சொற்கள் எல்லையைக் கடக்காமல் மடங்குமாறு செய்யலாம். பொத்தானின் அகலம் சொல்லுக்கேற்ப விரியுமாறு வகுக்கலாம். பார்வைக் குறைபாடு உடையோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள், தமிழ்க்குரலைத் தேர்ந்துகொள்ளவும் அம்மொழிக்குறிப்பே வழிகாட்டும். இவ்விதிகள் ஒரு தளத்தில் மட்டும் இருந்தால் ஒரு மாவட்டத்தார் நலம் பெறுவர். பொதுக்கோப்பில் இருந்தால் அதனைப் பகிரும் எல்லாத் தளங்களிலும் தமிழ் ஒருசேரத் தெளிவு பெறும்.

தனித்தனி முறைகளால் விளைந்த இடர்ப்பாட்டைத் தமிழுலகம் ஏற்கெனவே பட்டறிந்துள்ளது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ் இணையதளங்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களையும் குறியேற்ற முறைகளையும் கையாண்டன. ஒரு தளத்தைப் படிக்க அதற்கென ஓர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டியிருந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே இந்நிலை மாறியது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்தின் குறியேற்றம் பொதுவானதால் தமிழ்ப் பக்கங்களை எவரும் எங்கும் படிக்க முடிந்தது; தேடவும் முடிந்தது. நடைத்தாளைப் பொதுவாக்குதல் அதே வழியில் எடுத்துவைக்கும் அடுத்த அடி எனலாம்.

> தெரிந்து தெளிவோம்
> இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் முதன்முதலில் 2009-இல் வெளியிடப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பத்தை அனைவரும் அணுகத்தக்கதாக அமைக்குமாறு வலியுறுத்துகிறது. வலை அணுகல் தரத்தின் இடைநிலைப்படி, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்புலத்திற்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும்.

நினைவில் நிற்கும் பழைய கோப்பு

பொதுக்கோப்பில் திருத்தம் செய்த உடனே எல்லாரும் அதனைக் காண்பர் என்று கருதுதல் பொருந்தாது. உலாவி ஒருமுறை பெற்ற கோப்பைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சேவையகத்தை நாடாமல் அதனையே எடுத்தாளும். இதனால் பக்கம் விரைந்து திறக்கும். ஆயினும் பழைய விதியே நீடிக்கும். பக்கம் புதியது, நடைத்தாள் பழையது என்னும் முரண் தோன்றி, எழுத்துகள் இடம்மாறிக் கிடப்பதும் உண்டு. எனவே, கோப்பின் முகவரியோடு பதிப்பு எண்ணையும் சேர்த்தல் வேண்டும். எண் மாறினால் உலாவி அதனைப் புதிய கோப்பாகக் கருதிப் பெற்றுக்கொள்ளும்.

பகிர்தலின் பயன் குறித்து நெடுநாள் நிலவிய ஒரு கருத்தும் இன்று மாறியுள்ளது. ஒரே முகவரியிலுள்ள கோப்பைப் பல தளங்கள் பயன்படுத்தினால், ஒரு தளத்தில் பெற்ற கோப்பே மற்றத் தளங்களுக்கும் உதவும். எனவே எல்லாத் தளங்களும் விரைந்து திறக்கும் என்று முன்னர்க் கூறப்பட்டது. ஒரு கோப்பு ஏற்கெனவே சேமிப்பில் உள்ளதா என்பதை அளந்து, ஒருவர் எந்தத் தளங்களைப் பார்த்தார் என்று பிறர் உளவறிய இவ்வசதி இடந்தந்தது. ஆகவே, குரோம் உலாவி 2020-இலும் பயர்பாக்ஸ் உலாவி 2021-இலும் தற்காலிகச் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. வெவ்வேறு பெயருடைய தளங்கள் ஒரு கோப்பைப் பகிர்ந்தாலும், தளந்தோறும் ஒருமுறை அது மீண்டும் பெறப்படும். ஆகவே இன்று பகிர்தலின் முதன்மைப் பயன் விரைவு அன்று. ஒரே இடத்தில் பேணுதல்.

எழுத்துருவைப் பகிரும்போது மற்றொரு நெறியும் உண்டு. வேறொரு தளத்தில் உள்ள எழுத்துருவை உலாவி எடுத்தாள வேண்டுமாயின், அதனை வழங்கும் சேவையகம் வெளிப்படையாக இசைவு தெரிவித்திருக்க வேண்டும். இசைவு இல்லையேல் எழுத்துரு மறுக்கப்பட்டு, கருவியில் உள்ள ஏதேனும் ஓர் எழுத்துருவில் பக்கம் தோன்றும்.

பொதுமையும் பொறுப்பும்

தலைமடையில் கலக்கும் நஞ்சு கடைமடை வரை செல்லும். பொதுக்கோப்பின் வலிமையே அதன் இடரும் ஆகும். ஒரு திருத்தம் எல்லாரையும் சென்றடையும் என்றால், ஒரு பிழையும் அவ்வாறே எல்லாரையும் சென்றடையும்.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஈடுசெய்யும் குறுநிரல்களைப் பாலிஃபில்.ஐஓ என்னும் முகவரி நெடுங்காலம் இலவசமாக வழங்கிவந்தது. உலகெங்கும் உள்ள தளங்கள் அதனை நேரடியாக இணைத்துக்கொண்டன. 2024-இன் தொடக்கத்தில் அம்முகவரி வேறொருவர் கைக்கு மாறியது. அவ்வாண்டு ஜூன் மாதம், அங்கிருந்து வரும் குறுநிரலில் தீங்கு விளைக்கும் நிரல் கலந்திருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது கைப்பேசிவழி வந்த பார்வையாளர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட்டது. அந்தக் குறுநிரலை இணைத்திருந்த தளங்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அத்தளங்களை நடத்தியோர் தம் கோப்புகளில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. தமக்குச் சொந்தமில்லாத ஒரு வாய்க்காலை நம்பியிருந்தனர்.

இத்தகைய இடரைக் குறைக்கும் வழிகள் உள்ளன. முதலாவதாக, பொதுக்கோப்பைப் பிறர் முகவரியிலிருந்து அழைக்காமல் தம் பொறுப்பிலுள்ள சேவையகத்தில் வைத்தல் நன்று. இரண்டாவதாக, வெளியிலிருந்து அழைக்க நேரின், கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்புக் குறியைப் பக்கத்தில் பதிந்துவைக்கலாம். 2016-இல் வலைத்தரமாகப் பரிந்துரைக்கப்பட்ட இம்முறையில், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதனை ஏற்க மறுக்கும். அடிக்கடி மாறும் கோப்புக்கு இம்முறை பொருந்தாது. நிலையான பதிப்புகளுக்கே பொருந்தும். மூன்றாவதாக, எந்தத் திருத்தத்தையும் முதலில் சோதனைத் தளத்தில் பார்த்து, பின்னர் ஓரிரு தளங்களில் செயற்படுத்தி, அதன்பின்னரே அனைத்துத் தளங்களுக்கும் விரிக்க வேண்டும். நான்காவதாக, முந்தைய பதிப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிழை நேர்ந்தால் உடனே அதற்குத் திரும்ப இயலும். ஐந்தாவதாக, பொதுக்கோப்பை மாற்றும் உரிமை சிலரிடம் மட்டும் இருக்க வேண்டும். என்ன மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்னும் குறிப்பும் எழுதப்பட வேண்டும்.

பொதுக்கோப்பை எழுதுபவர் அதனைப் பயன்படுத்துவோர் அனைவரையும் நேரில் காண்பதில்லை. மழை அறிவிப்பைத் தேடும் உழவர், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவி, திரையைத் தம் செவியால் படிக்கும் பார்வையற்றவர் ஆகியோர் ஒருவரையொருவர் அறியார். கோப்பின் பெயரையும் அறியார். ஆயினும் மங்கிய நிறமும் இயங்காத பொத்தானும் அவர்கள் ஒவ்வொருவரையும் ஒரே நொடியில் தடுத்து நிறுத்தும். அப்பிழை ஓரிடத்தில் களையப்பட்டால், அவர்கள் அனைவர்க்கும் அதே விரைவில் வழி திறக்கும். வேறுபாடுகளுக்கு உரிய இடம் விட்டு, பொதுவானதை விழிப்புடன் பேணுவோர் கையில்தான் பகிர்வு பயன் தரும்.

கலைச்சொல் அறிவோம்

- நடைத்தாள் – பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பு
- குறுநிரல் – பக்கத்தில் செயல்களை நிகழ்த்தும் சிறு நிரல்
- உள்ளடக்க மேலாண்மை அமைப்பு – செய்திகளைச் சேமித்துப் பக்கங்களாக வழங்கும் மென்பொருள்
- தோற்ற வார்ப்புரு – நடைத்தாள், குறுநிரல், பக்க அமைப்பு ஆகியவை அடங்கிய தொகுதி
- தற்காலிகச் சேமிப்பு – பெற்ற கோப்புகளை மீண்டும் பயன்படுத்த உலாவி வைத்துக்கொள்ளும் இடம்
- சரிபார்ப்புக் குறி – கோப்பு மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் அடையாளம்

கற்பவை கற்றபின்…

1. உம் மாவட்ட இணையதளத்தையும் அண்டை மாவட்ட இணையதளத்தையும் ஒப்பிட்டு, பொதுவான கூறுகள், தனித்த கூறுகள் என இரு பட்டியல்கள் உருவாக்குக.
2. அவ்விரு தளங்களின் தமிழ்ப் பக்கங்களைக் கைப்பேசியில் திறந்து, வரிவெளி, சொல் மடங்கும் முறை, எழுத்தின் தெளிவு ஆகியவற்றைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உம் ஊரில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுச்சொத்து எவ்வாறு பேணப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. நடைத்தாள், குறுநிரல் – வேறுபாடு தருக.
2. பொதுக்கோப்பின் முகவரியோடு பதிப்பு எண்ணைச் சேர்ப்பது ஏன்?

*சிறுவினா*

1. படியெடுத்தலுக்கும் பகிர்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தறியையும் வாய்க்காலையும் கொண்டு விளக்குக.
2. தாய் வார்ப்புரு, சேய் வார்ப்புரு என்னும் ஏற்பாட்டின் பயன்களைக் கூறுக.

*நெடுவினா*

1. ‘பொதுக்கோப்பின் வலிமையே அதன் இடரும் ஆகும்’ – இக்கூற்றைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.